காசநோயாளிக்கு உதவப் போகும் ஊர்க்குழு அவருடைய பெயரை எப்படிக் காப்பது?

கேள்வி கேட்டவர்: கடைமடைக்காரி

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் படுகையின் கடைமடையில் இருக்கும் ஓர் ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புப் பொறுப்பில் இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஊரில் காசநோய் கண்டறியும் முகாம் நடந்தபோது, ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள் சமுதாயக் கூடத்துக்கு வரவேண்டும் என்று தெருத்தெருவாக அறிவித்தோம். மாலை வரை காத்திருந்ததில் பதினொரு பேர் வந்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். இரவு முழுவதும் இருமுவதாக அக்கம்பக்கத்தார் அனைவரும் அறிந்திருந்த ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. கிடைத்த சில சளி மாதிரிகளும் வெறும் எச்சிலாக இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டன.

மூன்று மாதம் கழித்து, பக்கத்துத் தெருவைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் இருமும்போது இரத்தம் வந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். காசநோய் என்று உறுதியானது. அவர் வீடு திரும்பியதும், நாங்கள் நான்கு பெண்கள் பழமும் சத்துமாவும் வாங்கிக்கொண்டு ஆறுதல் சொல்லப் போனோம். நான்கு பேர் சேர்ந்தாற்போல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தெருவே எட்டிப் பார்க்கும் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த வாரத்திலேயே தேநீர்க் கடையில் அவருக்கு மட்டும் காகிதக் குவளை வந்தது. அவருடைய பிள்ளைகளோடு விளையாட வேண்டாம் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. இரண்டு மாதம் முடிவதற்குள் குடும்பத்தோடு மனைவியின் ஊருக்குப் போய்விட்டார்; அங்கே மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தண்டோரா போட்டது நாங்கள்தான் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது மறுபடியும் எங்கள் குழுவின் உதவியைக் கேட்டிருக்கிறார்கள். மருத்துவம் படிக்காத நாங்கள் கண்டறிதலில் உண்மையாகவே பயன்படுவதாக இருந்தால் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது? சிகிச்சை எடுப்பவருக்குப் பக்கத்தில் யார் இருப்பது நல்லது? எங்கள் ஊராட்சிக்குக் "காசநோய் இல்லா ஊராட்சி" என்ற சான்றிதழ் வாங்கவேண்டும் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. அது இந்த வேலைக்கு உதவுமா, இடையூறா? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1: நுண்ணோக்கி

அரசு ஆய்வகங்களில் நுட்பராக நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியில் பலரும் கடந்துபோகக்கூடிய ஒரு வரி இருக்கிறது: மாதிரிகள் எச்சிலாக இருந்தன என்பது. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. மன்னிக்கவும், தொழில் பழக்கம். ஓர் ஊரில் நோய் கண்டுபிடிக்கப்படுவதும் தவறவிடப்படுவதும் பெரும்பாலும் அந்தச் சின்னக் குப்பிக்குள்தான் முடிவாகிறது. படிப்பில்லாத தன்னார்வலர் ஒருவர் மருத்துவரைவிட நன்றாகச் செய்யக்கூடிய வேலையும் அதுதான்.

நுண்ணோக்கியில் கிருமி கண்ணுக்குத் தெரியவேண்டுமென்றால், ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்கவேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் போன்ற மூலக்கூறுப் பரிசோதனைகள் அதைவிட மிகக் குறைந்த அளவையும் பிடித்துவிடுகின்றன. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அவற்றால் அறியமுடிகிறது. ட்ரூநாட் கருவி மின்கலத்தில் இயங்குவதால் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும், நுரையீரலிலிருந்து வராத எச்சிலை அதில் வைத்தால் பெரும்பாலும் நோய் இல்லை என்றுதான் விடை வரும். அந்த விடையை நம்பிக்கொண்டு அந்த மனிதர் இன்னும் ஆறு மாதம் வீட்டில் இருமிக்கொண்டிருப்பார். தவறான ஆறுதல் கேட்பாரற்ற நோயைவிட மோசமானது என்று எங்கள் ஆய்வகத்தில் சொல்லிக்கொள்வோம்.

ஆகவே உங்கள் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க விரும்புவது இவ்வளவுதான். குப்பியை முதல் நாள் மாலையே கொடுத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும், எதையும் உண்பதற்கு முன்பு, வெறும் தண்ணீரால் வாயைக் கொப்புளித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து அடக்கி, பிறகு அடிநெஞ்சிலிருந்து இருமச் சொல்லுங்கள். வருவது கெட்டியாக, கொழகொழப்பாக இருக்கவேண்டும். நுரைத்த தண்ணீர்போல இருந்தால் மறுபடி முயலச் சொல்லவேண்டும். அவர் இருமும்போது எதிரில் நிற்காமல் தள்ளி நில்லுங்கள். சமுதாயக் கூடத்தின் நடுவில், பத்துப் பேர் பார்க்க, ஒரு பெண்ணிடம் குப்பியை நீட்டிக் காறித் துப்பச் சொன்னால் எச்சில்தான் வரும். கூச்சத்தில் யாருக்கும் அடிநெஞ்சுச் சளி வராது. முகாமில் உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், அறிகுறி இருந்தவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை என்று தெரியவந்தது. நோய் உறுதிசெய்யப்பட்டவர்களில் 42 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானோர் எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால் பிடிபட்டே இருக்கமாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லும்படியான அறிகுறியே இருக்கவில்லை. எனவே இருமுகிறவரை மட்டும் தேடினால் போதாது. எக்ஸ்ரே வண்டி உங்கள் வட்டாரத்துக்கு வரும் நாளைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, சர்க்கரை நோயாளிகள், முன்பு காசநோய் வந்தவர்கள், நோயாளியின் வீட்டார், உடல் மெலிந்த முதியவர்கள், நாள்தோறும் குடிப்பவர்கள் ஆகியோரை இருமல் இல்லாவிட்டாலும் அதற்கு அனுப்புங்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போகிறவரைப் பார்த்து யாரும் காசநோய் என்று முடிவு கட்டமாட்டார்கள். பெயரைக் காப்பதற்கும் இது நல்ல வழி.


மறுமொழி 2: மாத்திரை முடித்தவன்

அக்கா, உங்கள் மனவருத்தம் எழுத்தில் தெரிகிறது. நீங்கள் எழுதிய அந்தக் காகிதக் குவளையை நானும் கையில் வாங்கியவன் என்பதால் சொல்கிறேன். நீங்கள் நான்கு பேர் போனது தவறுதான். ஆனால் ஒருவரும் போகாமல் இருந்திருந்தாலும் அவர் நிறுத்தியிருக்கக்கூடும். இரண்டாம் மாதம் என்பது அப்படிப்பட்ட ஓர் இடம்.

எனக்கு முதல் மூன்று வாரத்திலேயே காய்ச்சல் நின்றது, பசி திரும்பியது. இரண்டாம் மாத முடிவில் எடை நான்கு கிலோ கூடியிருந்தது. அந்த நேரத்தில்தான் மனம், நோய் போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்தக் குமட்டல் என்று கேட்கத் தொடங்கும். முதல் இரண்டு மாதத்துக்கு நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதத்துக்கு மூன்று மருந்துகள் என்று ஆறு மாதம் முழுவதும் நாள்தோறும் சாப்பிடவேண்டும் என்பதும், எஞ்சியிருக்கும் கிருமிகளைக் கொல்வதற்காகத்தான் அந்தப் பின் நான்கு மாதம் என்பதும் எனக்குத் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டன. ஆனால் அன்று எனக்கு இருந்த காய்ச்சலில் எதுவும் காதில் ஏறவில்லை. ஆகவே உங்கள் குழுவினர் அதே செய்தியை இரண்டாம் மாதத்தில், அவருக்கு உடம்பு தேறிய பிறகு, மறுபடி ஒருமுறை சொல்லவேண்டும். முதல் நாள் ஆறுதலைவிட அறுபதாம் நாள் பேச்சு பெரிது.

எனக்குச் சிகிச்சை ஆதரவாளராக இருந்தவர் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். அவரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். சுகாதாரப் பணியாளர் என்னிடம், யார் வந்தால் உனக்குச் சங்கடம் இருக்காது என்று கேட்டார். தையல் கடைக்கு யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். மாத்திரை அட்டை அவருடைய நூல்கண்டுப் பெட்டிக்குள் இருக்கும். காலையில் போவேன், அவர் ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பார், விழுங்குவேன், அட்டையில் ஒரு கோடு போடுவார். ஆறு மாதத்தில் அவர் எனக்கு அறிவுரை என்று ஒன்றும் சொன்னதில்லை. ஒரு நாள் நான் வராதபோது மட்டும், தைத்து முடித்த சட்டையைக் கொடுக்க வந்தவர்போல் வீட்டுக்கு வந்து நின்றார். அந்தச் சட்டை என்னுடையதே இல்லை.

ஆதரவாளராக இருப்பவர் மருந்தின் தொல்லைகளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதற்கு அஞ்சவேண்டியதில்லை. இதைச் சொல்லாமல் விட்டதால், சிறுநீரில் இரத்தம் போகிறது என்று பயந்து மருந்தை நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, பார்வை மங்குவது, நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுவது ஆகியவை வந்தால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். கால் எரிச்சலும் மரத்துப்போவதும் வைட்டமின் மாத்திரையில் சரியாகக்கூடியவை என்றாலும் அவற்றையும் சொல்லிவிடவேண்டும்.

பாத்திரம், குவளை, துணி இவற்றால் இந்த நோய் பரவாது. இருமும்போது காற்றில் கலக்கும் துளிகளால்தான் பரவுகிறது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடும். தேநீர்க் கடைக்காரருக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் குறிப்பிட்ட ஒருவருக்காகப் போய்ச் சொல்லக்கூடாது. யாருக்கும் நோய் இல்லாத காலத்திலேயே பொதுவாகச் சொல்லி வைத்திருக்கவேண்டும்.


மறுமொழி 3: வட்டார மருத்துவர்

முன்னவர்கள் இருவரும் எழுதியவற்றோடு உடன்படுகிறேன். யாரும் தொடாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். காசநோயால் இறப்பவர்களில் கணிசமானோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். அதாவது, கண்டுபிடித்தாயிற்று, மாத்திரையும் கொடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நாம் மூச்சு விடும் நேரமே மிக ஆபத்தான நேரம்.

இதற்காகத்தான் தமிழ்நாட்டில் 2022-இல் "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" தொடங்கப்பட்டது. நோய் உறுதியானவுடன் ஒவ்வொருவரிடமும் ஆய்வகம் எதுவும் தேவைப்படாத சில அடையாளங்களைப் பார்க்கிறார்கள். உடல் நிறை எண் (எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு) 14 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா. 14-க்கும் 16-க்கும் இடையில் இருந்து காலில் வீக்கமும் இருக்கிறதா. நிமிடத்துக்கு மூச்சு 24 முறைக்கு மேல் போகிறதா. இரத்தத்தில் ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கிறதா. எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாமல் இருக்கிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை வீட்டுக்கு அனுப்பாமல், விரிவாகப் பரிசோதித்துத் தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்ப்பார்கள். உடல் நிறை எண் என்றதும் மிரள வேண்டாம். 1.60 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைவாக இருக்கிறார் என்றால் அவர் அந்த 14 என்ற எல்லைக்கு வந்துவிட்டார் என்று பொருள். எங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டார் அவர்களை, எப்போதும் ஒல்லிதான் என்பார்கள்.

உங்கள் குழுப் பெண்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவர் வீட்டில் படுத்தபடியே இருக்கிறாரா, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா, பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா என்பது எங்களுக்கு அடுத்த மாதம்தான் தெரியும்; உங்களுக்கு அன்றே தெரியும். அப்படித் தெரிந்தால் சத்துமாவு கொடுத்துவிட்டு வராமல், உடனே கிராம சுகாதாரச் செவிலியரையோ சிகிச்சை மேற்பார்வையாளரையோ தொலைபேசியில் அழையுங்கள்.

உணவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜார்கண்டில் 2019-இல் தொடங்கி நடத்தப்பட்ட "ரேஷன்ஸ்" ஆய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளிவந்தன. நோயாளிகள் 2,800 பேரும் அவர்களுடைய வீட்டார் 10,345 பேரும் அதில் இருந்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் கிடைத்தன. வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுக்கப்பட்டன. அப்படிக் கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தவர்களின் விகிதம் 39 விழுக்காடு குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் நோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. நீங்கள் வாங்கிப்போன பழத்தில் தவறொன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது ஆறு மாதத்துக்கான பருப்பும் முட்டையும் எண்ணெயும், அதுவும் நோயாளிக்கு மட்டுமல்லாமல் அடுப்பைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும். ஒருவருக்கு மட்டும் முட்டை கொடுத்தால் அதை அவர் கடைசிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். எந்தத் தாய் தகப்பனும் அதைத்தான் செய்வார்கள்.

காசநோயாளிகளின் சத்துணவுக்காக அரசு பணம் தரும் நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கு இல்லாமலோ, ஆதாரோடு இணைக்கப்படாமலோ அந்தப் பணம் வராமல் நிற்கும் குடும்பங்கள் பல. உங்கள் குழுவில் வங்கிக் கணக்கு எழுதத் தெரிந்த பெண்கள் நிச்சயம் இருப்பார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர் துணைக்குப் போய் அதைச் சரிசெய்து கொடுத்தாலே பெரிய உதவி. வங்கிக்குப் போவதிலும் ஊர் எதையும் ஊகிக்க முடியாது.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நோய் இல்லை என்று பரிசோதனையில் உறுதியானபின் தடுப்பு மருந்து கொடுக்கப்படுகிறது. நாள்தோறும் ஆறு மாதம் சாப்பிடும் ஐசோனியாசிட் ஒரு வகை, வாரத்துக்கு ஒருமுறை என்று பன்னிரண்டு வாரம் சாப்பிடும் கூட்டு மருந்து இன்னொரு வகை. நன்றாக இருக்கும் ஆளுக்கு எதற்கு மாத்திரை என்று வீட்டார் தயங்குவார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இந்தத் தயக்கத்தை எப்படியாவது போக்கிவிடுங்கள்.


மறுமொழி 4: பழைய ஏடு

சான்றிதழைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. நான் சொல்கிறேன், சற்றுக் கசப்பாகத்தான் இருக்கும்.

காசநோய் இல்லா ஊராட்சி என்ற தகுதிக்கு உள்ள அளவுகோல்களில் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 30 பேரையாவது பரிசோதித்திருக்கவேண்டும் என்பது ஒன்று. ஆயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கு மேல் பதிவாகியிருக்கக்கூடாது என்பது மற்றொன்று. 4,000 பேர் உள்ள ஊராட்சியில் 120 பரிசோதனைகள் நடக்கவேண்டும், நோயாளிகள் நான்கு பேரைத் தாண்டக்கூடாது. முதல் அளவுகோல் தேடு என்கிறது. இரண்டாவது, அதிகம் கண்டுபிடித்துவிடாதே என்று காதோடு சொல்கிறது. திட்டம் வகுத்தவர்கள் அந்தப் பொருளில் வகுத்திருக்கமாட்டார்கள். ஆனால் முதல் ஆண்டுக்கு வெண்கலம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் தகுதி பெற்றால் வெள்ளி, மூன்றாம் ஆண்டுக்குத் தங்க நிறம் என்று காந்தி சிலையொன்று மேடையில் பரிசாகக் கொடுக்கப்படும்போது, ஐந்தாவது நோயாளியை அவருடைய மனைவியின் ஊர்க் கணக்கில் எழுதச் சொல்லும் ஆள் எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார். 120 பரிசோதனை என்ற கணக்கும் உடல்நலமுள்ள இளைஞர்களின் எச்சிலால் நிரப்பப்படக்கூடும். நுண்ணோக்கி ஐயா இதை அறிவார்.

ஆகவே என் கருத்து: சான்றிதழ் தானாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் குறிக்கோளாக எழுதி வைக்காதீர்கள். உங்கள் பதிவேட்டில் எழுதவேண்டிய எண்ணிக்கை, சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பது ஒன்றே. ஒருவரைக் கண்டறிய வழிகாட்டியவருக்கு 500 ரூபாயும், சிகிச்சை ஆதரவாளருக்கு முடிவில் 1,000 ரூபாயும் அரசு ஊக்கத்தொகையாகத் தருகிறது. அதை வாங்குவதில் இழுக்கில்லை; ஆனால் என்னைக் காட்டிக்கொடுத்து 500 ரூபாய் வாங்கினாள் என்று ஒருவர் நினைத்துவிட்டால் அத்தோடு அந்தத் தெருவில் உங்கள் வேலை முடிந்தது. முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு செய்தி, உங்கள் மனவருத்தத்துக்காக. நோயாளியை ஊரைவிட்டு விலக்கத்தான் வேண்டும் என்பது ஒரு காலத்தில் மருத்துவத்தின் கருத்தாகவே இருந்தது. தாம்பரத்தில் 1928-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனையின் நினைவாகத்தான் அந்த ரயில் நிலையத்துக்கு இன்றும் சானடோரியம் என்று பெயர். அந்தக் கருத்தை உடைத்ததும் சென்னைதான். 1956-இல் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, எளிய உணவு, ஓய்வும் குறைவு. இருந்தும் 1959-இல் வெளியான முடிவு, வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள் என்றும், அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை என்றும் காட்டியது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வீட்டிலேயே சிகிச்சை பெறலாம் என்பது எங்கோ எழுதிய விதியல்ல. சென்னையின் ஏழைக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்குள் வாழ்ந்து காட்டியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

அதே ஆராய்ச்சியாளர்கள், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்து, தனியாக விடப்பட்டவர்கள் மருந்தைத் தவறவிடுகிறார்கள் என்பதையும் கண்டார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து மாத்திரை கொடுக்கும் முறை பிறந்தது அங்கேதான். மேலே சொன்ன தையல் கடைப் பெரியவர் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.


மறுமொழி 5: கடைமடைக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று எங்கள் கூட்டத்தில் இவற்றைப் படித்துக் காட்டினேன். தையல் கடைச் சட்டையைப் பற்றிய இடத்தில் எங்கள் பொருளாளர் அழுதுவிட்டார். அதற்கான காரணத்தை நான் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். குழுவின் வாரச் சேமிப்புக் கூட்டத்துக்கு எப்படியும் எல்லா வீட்டுப் பெண்களும் வருகிறார்கள். அங்கே பணம் எண்ணி முடித்தபின் குப்பியைப் பற்றிச் சொல்வோம். தேவைப்படுபவர் யாரும் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும்படி குப்பிகளை அங்கன்வாடியில் வைப்போம். எந்த வீட்டுக்கும் இரண்டாவது ஆள் போகக்கூடாது. சிகிச்சையில் இருப்பவரின் பெயர், அவரே தேர்ந்தெடுத்த ஒருவரைத் தவிர, குழுவின் தலைவியான எனக்கும் தெரிய வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னார். முதலில் எனக்கு அது உறுத்தியது, பிறகு ஒப்புக்கொண்டேன். சான்றிதழ் பற்றி ஊராட்சியில் பேசவேண்டியிருக்கிறது, அது எளிதாக இருக்காது.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. மனைவியின் ஊருக்குப் போய்விட்ட அந்த மனிதர் மாத்திரையை நிறுத்தி இப்போது ஐந்து மாதம் ஆகிறது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாமா? எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தால்தான் மருந்து கிடைக்கும் என்று அவர் நினைப்பதாகத் தெரிகிறது.


மறுமொழி 6: வட்டார மருத்துவர்

விட்ட இடத்திலிருந்து அவராகத் தொடங்கக்கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டைகளையும் சாப்பிடவேண்டாம். இடையில் நிறுத்தியவருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகியிருக்கக்கூடும் என்பதால், முதலில் சளியை மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்பி, அதன் விடையைப் பார்த்தபின்தான் எந்த மருந்து, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஒருவேளை அப்படிப்பட்ட கிருமியாகவே இருந்தாலும் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. அதற்கான மருந்துகளும் இலவசமாகவே கிடைக்கின்றன, முன்பு இரண்டு ஆண்டு வரை நீண்ட சிகிச்சையைப் பலருக்கு இப்போது ஆறு மாதத்தில் முடிக்கும் முறையும் வந்திருக்கிறது.

அவர் உங்கள் ஊருக்குத் திரும்பி வரவேண்டியதில்லை. நிக்ஷய் என்ற அரசின் காசநோயாளிகள் பதிவில் அவருக்கு ஓர் எண் கொடுத்திருப்பார்கள். நாட்டின் எந்த அரசு சுகாதார நிலையத்துக்குப் போனாலும் அந்த எண்ணைக் கொண்டு பதிவை அங்கே மாற்றிக்கொள்ளலாம். எண் தொலைந்திருந்தாலும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வைத்துத் தேடி எடுத்துவிடுவார்கள். 1800-11-6666 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவரோடு இருந்த மனைவியையும் பிள்ளைகளையும் அதே நாளில் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.


மறுமொழி 7: கடைமடைக்காரி

அவருடைய மைத்துனர் எங்கள் ஊர்ச் சந்தைக்குச் செவ்வாய்தோறும் கருவாடு விற்க வருகிறார். இந்தச் செவ்வாய் நான் ஒருத்தி மட்டும் போய்க் கருவாடு வாங்குவேன். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் அந்தத் தொலைபேசி எண் எழுதிய தாளைப் பணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். ஆள் இருந்தால் அடுத்த செவ்வாய்.